தனித்து நில்லா எஃகு

முரட்டு வேலை என்று தமிழில் வழங்கும் தொடர் உடல் வலுவை மிகுதியாகக் கேட்கும் வேலையை மட்டும் குறிப்பதில்லை. எலும்பும் கணுவும் ஓடும் துருவும் குறுக்கிட்டு, கையாளப்படும் பொருள் தன் இயல்பாலேயே கருவியை எதிர்த்து நிற்கும் வேலை எதுவும் அந்தப் பெயருக்கு உரியதுதான். அத்தகைய வேலைக்குப் புறப்படும் ஒருவர் முதலில் எடுத்து வைத்துக்கொள்வது பெரும்பாலும் ஒரு கத்தி. வேலை முடிந்து திரும்பும்போது முதலில் பழுதுபட்டிருப்பதும் பெரும்பாலும் அதே கத்தி. இந்த இரண்டுக்கும் இடையே என்ன தொடர்பு என்பதை ஆராய்வதற்குச் சிங்கப்பூரின் சந்தைப் பகுதியான தேக்கா பொருத்தமான இடமாகும். ஏனெனில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வெட்டுதலையும் அறுத்தலையும் பிளத்தலையும் அன்றாடத் தொழிலாகக் கொண்ட மக்கள் அங்கே நெருங்கி வாழ்ந்திருக்கிறார்கள், கத்தி எதைச் செய்யும், எதைச் செய்யலாகாது என்னும் அறிவு அவர்களுடைய கைகளில் எழுதப்படாத இலக்கணமாகப் படிந்திருக்கிறது.

அந்த இடத்தின் பெயரே ஒரு வெட்டுவேலையை நினைவூட்டுவது. ஹொக்கியன் சீனத்தில் 'தெக் கியா கா' என்றால் 'சிறு மூங்கில்களின் அடி' என்று பொருள். ரோச்சோர் கால்வாயை ஒட்டி ஒரு காலத்தில் வளர்ந்திருந்த மூங்கில் புதர்களால் அமைந்த அந்தப் பெயர் தமிழர் நாவில் தேக்கா என்று நிலைத்தது. அதே இடத்துக்கு மலாய் மொழியில் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைக் கொட்டில், என்ற பெயரும் உண்டு; சிராங்கூன் சாலையோரத்தில் செழித்திருந்த கால்நடை வணிகத்தின் தடம் அது. 1915இல் எழுந்த பழைய சந்தை 1982இல் சாலைக்கு எதிர்ப்புறம் இப்போதுள்ள கட்டடத்துக்கு இடம் மாறியது. புதிய கட்டடத்துக்கு முதலில் மாண்டரின் ஒலிப்பில் ஜூஜியாவ் நிலையம் என்று பெயர் சூட்டப்பட்டது. மக்கள் வாயில் அது ஏறாமல் போகவே 2000ஆம் ஆண்டில் தேக்கா நிலையம் என்றே மாற்றப்பட்டது. மூங்கிலும் எருமையும் இன்று அங்கு இல்லை. மூங்கிலைப் பிளப்பதற்கும் எருமையைக் கூறுபோடுவதற்கும் வேண்டியிருந்த அறிவு மட்டும் வேறு பொருள்களின்மேல் இன்றும் செயல்பட்டு வருகிறது.

மூங்கிலைப் பிளக்கும் முறையைச் சற்று நின்று கவனித்தால் இந்தக் கட்டுரை சொல்ல விரும்புவதன் வித்து அதிலேயே கிடைக்கும். தொழிலறிந்தவர் கனத்த கத்தியின் வாயை மூங்கிலின் வெட்டுமுகத்தில் வைத்து, அதன் முதுகில் ஒரு மரக்கட்டையால் தட்டுகிறார். வெடிப்பு விழுந்த மறுகணமே கத்தியின் பங்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதன்பின் வெடிப்பினுள் செருகப்படும் மரஆப்பும் இரு புறமும் விலக்கும் கைகளும் மீதி வேலையைச் செய்கின்றன. நார் நீளவாக்கில் ஓடுவதால் பிளவு தானே முன்னேறி, கணுவில் உள்ள குறுக்குத் தடுப்பை உடைத்துக்கொண்டு அடுத்த கணுவை அடைகிறது. கத்தியையே கடைசிவரை திருகி நெம்பிப் பிளக்க முயல்பவரும் மூங்கிலைப் பிளந்துவிடக்கூடும்; ஆனால் மறுநாள் அந்தக் கத்தியை வைத்து அவர் ஒரு வாழையிலையைக்கூட ஒழுங்காக நறுக்க முடியாது.

*

இது ஏன் நேர்கிறது என்பதற்கு உலோகத்தின் இயல்பிலேயே விடை உண்டு. கத்தி என்பது மிக ஒடுங்கிய ஓர் ஆப்பு. அதன் இரு பக்கங்களும் வாயில் வந்து சந்திக்கும் கோணம், சாதாரணச் சமையலறைக் கத்திகளில் பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை அளவில் தீட்டப்படுகிறது. கோணம் ஒடுங்க ஒடுங்க அறுப்பு எளிதாகிறது; அதே அளவுக்கு வாயின் பின்னால் நின்று அதைத் தாங்கும் உலோகமும் குறைகிறது. கோடாலியின் வாய் விரிந்தும் தடித்தும் இருப்பதற்குக் காரணம் அது அறுப்பதைவிடப் பிளப்பதற்கே செய்யப்பட்டது என்பதுதான்.

இதனுடன் எஃகின் இரண்டு குணங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று கடினம், அதாவது தேயாமலும் அமுங்காமலும் தன் வடிவத்தைக் காக்கும் தன்மை. மற்றொன்று முறிவு தாங்கும் திறன், அதாவது வளைந்தும் அதிர்ந்தும் உடையாமல் நிற்கும் தன்மை. சூடாக்கித் தோய்த்து ஒரு குணத்தைக் கூட்டினால் மற்றது பொதுவாகக் குறைந்துவிடும் என்பதால், ஒவ்வொரு கருவியையும் செய்பவர் இரண்டில் எதற்கு முன்னுரிமை என்று தீர்மானித்தாக வேண்டும். கத்தி செய்பவர் கடினத்தின் பக்கம் சாய்கிறார். நெம்புகோலும் திருப்புளியும் செய்பவர் முறிவு தாங்கும் திறனின் பக்கம் சாய்கிறார். ஆகவே பெயின்ட் டப்பாவின் மூடியைக் கத்தி முனையால் நெம்புபவரும், திருகாணியின் தலையில் கத்தி முனையைச் செருகித் திருகுபவரும், ஆணியையும் கம்பியையும் கத்தி வாயால் எதிர்கொள்பவரும், அந்தக் கத்தி கடினத்துக்காக விட்டுக்கொடுத்த குணம் எதுவோ அதையே அதனிடம் திரும்பக் கேட்கிறார்கள். கத்தி மூன்று வகையில் பழுதுபடுகிறது: வாய் மடிகிறது, வாய் பல்லுப்பல்லாகப் பொரிந்துபோகிறது, அல்லது முனை ஒடிகிறது. மூன்றுமே பெரும்பாலும் பக்கவாட்டு விசையால் நேர்பவை. நேராக இறங்கும் வெட்டுக்காக மட்டுமே கத்தி செய்யப்பட்டிருக்கிறது.

பழுதுபட்ட கத்தி பயனற்றுப் போவதோடு நில்லாமல் ஆபத்தானதாகவும் மாறுகிறது. மழுங்கிய கத்திக்குக் கூடுதல் அழுத்தம் வேண்டியிருக்கிறது. கூடுதல் அழுத்தத்தில் கத்தி வழுக்குகிறது. வழுக்கும் கத்தி சேருமிடம் பெரும்பாலும் பிடித்திருக்கும் மறுகையாகவே அமைகிறது. முரட்டு வேலையில் கத்தியால் கையை வெட்டிக்கொள்வது அறுக்கும்போது மட்டும் நேர்வதில்லை, கத்தியைக் கொண்டு வேறு எதையோ செய்ய முயலும்போதும் நேர்கிறது.

*

தேக்கா சந்தையின் இறைச்சிப் பகுதியில் கத்தியின் எல்லை பற்றிய இந்த அறிவு வேலைப் பங்கீடாக உருக்கொண்டிருக்கிறது. ஆட்டிறைச்சிக் கடையில் கத்தி என்ற ஒற்றைச் சொல்லுக்குள் குறைந்தது இரண்டு கருவிகள் அடங்கியிருக்கின்றன: மூட்டைத் தேடிச் சென்று தசைநாரை அறுக்கும் மெல்லிய சிறுகத்தி ஒன்று, எலும்பைத் துண்டாக்கும் கனத்த வெட்டுக்கத்தி மற்றொன்று. இவற்றோடு இறைச்சியைத் தொங்கவிடும் கொக்கியும், வெட்டை வாங்கிக்கொள்ளும் அடிக்கட்டையும், அவ்வப்போது கத்தி வாயைத் தேய்க்கும் எஃகுக் கம்பியும் சேர்ந்தால்தான் கடை முழுமையடைகிறது. அடிக்கட்டையைக் கருவி என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் கத்தியின் ஆயுளைத் தீர்மானிப்பதில் அதன் பங்கு பெரிது. தமிழ்நாட்டு இறைச்சிக் கடைகளில் புளியங்கட்டை விரும்பப்படுவதற்குக் காரணம், அடர்ந்த அந்த மரம் வெட்டின் அதிர்வை உள்வாங்கிக்கொண்டு, சிராய் தெறிக்காமல், கத்தி வாயையும் காயப்படுத்தாமல் நிற்பதுதான். எஃகுக் கம்பியும் பலர் எண்ணுவதுபோல் கத்தியைச் சாணை பிடிப்பதில்லை. சாணைக்கல் உலோகத்தைத் தேய்த்து நீக்கிப் புதிய வாயை உண்டாக்குகிறது, கம்பியோ வேலையினால் ஒரு பக்கம் சாய்ந்துவிட்ட வாயை நிமிர்த்திவிடுகிறது.

இந்த இடத்தில் சீன மெய்யியல் நூலான சுவாங்சுவில் வரும் புகழ்பெற்ற மாடறுப்பவரின் கதை நினைவுக்கு வருவது இயல்பு. திங் என்னும் அவர் எலும்புகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகளை அறிந்து அவற்றின் வழியே மட்டும் கத்தியைச் செலுத்துவதால், அவருடைய கத்தி 19 ஆண்டுகளாகப் புதிதாகத் தீட்டப்பட்டதுபோல் இருப்பதாக அந்தக் கதை சொல்கிறது. கலைத்திறனுக்கு எடுத்துக்காட்டாக இது காலந்தோறும் கொண்டாடப்பட்டு வருகிறது. ஆயினும் எலும்பை விலக்கிச் செல்லும் உரிமை எல்லா இறைச்சிக்காரருக்கும் கிடைப்பதில்லை. தேக்காவில் ஆட்டுக்கறி வாங்க வருபவர் நல்லி எலும்பைக் கேட்கிறார். குழம்புக்கு எலும்போடு சேர்ந்த துண்டு வேண்டும் என்கிறார். சூப்புக்குக் காலைத் துண்டுபோட்டுத் தரச் சொல்கிறார். இடைவெளி என்ற ஒன்றே இல்லாத இடத்தில் வெட்டவேண்டிய கட்டாயம் கடைக்காரருக்கு இருக்கிறது. திங்கின் ஞானம் ஒரு கத்தியை எப்படிக் காப்பது என்று கற்பிக்கிறது. சந்தைக் கடைக்காரரின் ஞானம், காக்கவேண்டிய கத்தியை எப்போது கீழே வைத்துவிட்டு வெட்டுக்கத்தியை எடுப்பது என்று கற்பிக்கிறது. முரட்டு வேலை அன்றாடம் நடக்கும் இடங்களில் இரண்டாவது ஞானம் இல்லாமல் முதலாவது நீடிப்பதில்லை.

மீன் பகுதிக்கும் இதுவே பொருந்தும். செதிலை உரசி நீக்குவதற்குத் தனிக்கருவியும், துடுப்பை நறுக்கக் கத்தரிக்கோலும் இருக்கும்போது, கத்தி வயிற்றைக் கீறுவதற்கும் துண்டு போடுவதற்கும் மட்டுமே பயன்படுகிறது. 1949இல் கேரளத்தைச் சேர்ந்த எம். ஜே. கோமஸ் சிங்கப்பூரில் அறிமுகப்படுத்தியதாகச் சொல்லப்படும் மீன் தலைக் கறி, பெரிய மீனின் தலையை இரண்டாகப் பிளக்கும் வேலையைப் பரவலாக்கியது. மண்டையோட்டைப் பிளப்பதற்கு ஓங்கி வெட்டுவதைவிட, கனத்த கத்தியை நடுக்கோட்டில் வைத்து அதன் முதுகில் மரச்சுத்தியால் தட்டுவதே பாதுகாப்பானது; மூங்கிலைப் பிளந்த முறை இங்கே மீண்டும் தலைகாட்டுகிறது. கத்தி இடத்தைக் குறிக்கிறது, சுத்தி விசையைத் தருகிறது, இரண்டும் தத்தம் எல்லையைத் தாண்டுவதில்லை.

கத்தியின் துணைகள் எல்லாம் இரும்பாலும் மரத்தாலும் ஆனவையாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. பலாப்பழத்தை அறுப்பதற்குமுன் கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவிக்கொள்வது தமிழ் வீடுகளின் வழக்கம். பலாவின் பால் கத்தியில் பிசினாக ஒட்டிக்கொண்டால் அடுத்த அறுப்பு நகராது என்பதால், அந்த வேலையில் எண்ணெயே கத்திக்கு முதல் துணை. வழுக்கும் மீனைப் பிடித்துக் கழுவக் கிராமங்களில் சாம்பல் உதவியது. முள் நிறைந்த டுரியான் பழத்தைத் திறப்பவருக்குக் கத்தியைவிடத் தடித்த கையுறை இன்றியமையாதது. அவர் கையிலுள்ள கத்தியும் குட்டையாகவும் தடித்தும் கூர் குறைந்தும் இருப்பது, பழத்தின் அடியில் உள்ள பொருத்துக்கோட்டில் செருகித் திருகுவதற்காகவே செய்யப்பட்டதால்தான். கத்தியின் உருவில் இருக்கும் அந்த ஆப்பு, நெம்புவதற்கு வேறு உலோகக் கணக்கு வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டதன் விளைவாகும்.

*

சந்தைக்கு மிக அருகில், எருமைக் கொட்டில் என்ற பெயரையே தாங்கிய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை 1924 அக்டோபர் முதல் தேதி இலவச மகப்பேற்று மருத்துவமனையாகத் தொடங்கப்பட்டது. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. ஒரே மருத்துவமனையில் ஓராண்டில் நிகழ்ந்த பிறப்புகளின் எண்ணிக்கையில் உலகிலேயே மிகுதி என்று அது கின்னஸ் நூலில் இடம்பெற்றது. 1997இல் மருத்துவமனை புக்கிட் தீமா சாலையின் மறுபுறத்துக்குப் பெயர்ந்தது. பழைய கட்டடத்தில் இப்போது நிலப் போக்குவரத்து ஆணையம் இயங்குகிறது. வயிற்றைத் திறந்து குழந்தையை எடுக்கும் அறுவை, கத்தியின் வேலை என்றே பொதுமக்கள் பேச்சில் சொல்லப்படுகிறது; 'கத்தி வைத்தார்கள்' என்ற வழக்கும் உண்டு. ஆனால் அந்த அறுவைக்கு விரித்து வைக்கப்படும் தட்டில் கத்தி எண்ணிக்கையில் மிகக் குறைவானது. மற்றவை பிடிக்கும் இடுக்கிகள், குருதிக்குழாயைக் கவ்விக்கொள்ளும் கவ்விகள், சதையை ஒதுக்கிப் பிடிக்கும் விலக்கிகள், ஊசியைப் பற்றும் கருவிகள், குருதியை ஒற்றியெடுக்கும் பஞ்சுத்துணிகள். தோலைக் கடந்தபின் பல அடுக்குகளை மருத்துவர் கத்தரிக்கோலாலும் விரல்களாலும் விலக்கியே செல்கிறார். வயிற்றை மூடுவதற்குமுன் ஒவ்வொரு கருவியும் துணியும் ஊசியும் எண்ணிச் சரிபார்க்கப்படுகின்றன; உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் அறிமுகப்படுத்திய அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலிலும் இந்த எண்ணிக்கை இடம்பெறுகிறது. துணைக்கருவிகளை உடன் கொண்டுசெல்பவருக்கு இரண்டு கடமைகள் உண்டு என்பதை அறுவைக்கூடம் தெளிவாகச் சொல்கிறது: புறப்படும்போது எல்லாம் இருக்கவேண்டும், திரும்பும்போதும் எல்லாம் இருக்கவேண்டும்.

சிங்கப்பூரின் வரலாற்றில் கத்தியைக் கையாளும் முறையைத் திருத்தியமைத்ததனால் ஒரு பொருளாதாரமே உருவான நிகழ்ச்சியும் உண்டு. 1877இல் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து இலங்கை வழியாக 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு வந்துசேர்ந்தன. 1888இல் அப்பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, 1890களில் மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். அமேசான் காடுகளில் சிறு கோடாலியால் மரத்தைக் கொத்திப் பால் எடுப்பதே வழக்கமாக இருந்தது; கொத்து ஆழமாக இறங்கிய இடத்தில் மரம் முடிச்சுவிட்டுத் தழும்பேறி மறுமுறை வெட்டுக்கு உதவாமல் போனது. ரிட்லியின் முறையிலோ பட்டையின் மெல்லிய சீவல் ஒன்று சாய்வாக நீக்கப்படுகிறது. அடுத்த முறை அதே காயத்தின் கீழ்விளிம்பில் இன்னொரு மெல்லிய சீவல் எடுக்கப்படுகிறது. மேலே பட்டை மீண்டும் வளர்ந்துவருகிறது. பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே உள்ள வளர்படலத்தைத் தொடாமல், அதற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்பாகவே நின்றுவிட வேண்டும் என்பதுதான் அந்தத் தொழிலின் உயிர்.

மலாயாத் தோட்டங்களில் இந்த வேலையைப் பெருமளவில் செய்தவர்கள் தமிழர்கள். அவர்கள் அதை ரப்பர் மரம் என்பதைவிடப் பால்மரம் என்றே வழங்கினார்கள்; வெட்டும் கருவியைக் கத்தி என்னாமல் உளி என்றார்கள். இந்தப் பெயரீட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. கத்தி அறுக்கும், உளியோ ஆழத்தை அளந்து செதுக்கும். வளைந்த முனையுடைய அந்தக் கருவியின் வேலை செதுக்குவது என்று கண்டுகொண்டவர்கள் தச்சனின் சொல்லை எடுத்து அதற்குச் சூட்டினார்கள். உளி தனியாகவும் போகவில்லை. விடியுமுன் இருட்டில் நிரையில், அதாவது மர வரிசையில், இறங்குபவரின் நெற்றியில் விளக்கு இருந்தது. பால் வடிந்து இறங்குவதற்கு மரத்தில் சிறு தகரத்தூம்பு இருந்தது. அதனடியில் மலாய்ச் சொல்லிலிருந்து வந்த மங்கு என்னும் கிண்ணம் இருந்தது. சேர்ந்த பாலைச் சுமக்கக் காண்டா என்னும் தோள்தடியில் வாளிகள் தொங்கின. உளியைத் தீட்ட ஒரு கல் கூடவே இருந்தது. மங்கு இல்லாத உளியால் கிடைப்பது மண்ணில் சிந்திய பால் மட்டுமே. விளக்கில்லாத உளியால் கிடைப்பது காயம்பட்ட மரம்.

*

துணைகளைத் தன் உறையிலேயே சுமந்து திரியும் கத்தி ஒன்றையும் சிங்கப்பூர் நன்கு அறியும். 1949 ஏப்ரல் 9 அன்று சிங்கப்பூர்க் காவல்துறையின் பகுதியாக அமைக்கப்பட்ட கூர்க்காப் படைப்பிரிவினர் மவுண்ட் வெர்னன் பகுதியில் வாழ்கிறார்கள். அவர்கள் இடுப்பில் தாங்கும் குக்ரி என்னும் வளைந்த கத்தியைப் பற்றி, உறையிலிருந்து எடுத்தால் இரத்தம் காணாமல் திரும்பாது என்பதுபோன்ற கதைகள் நிறைய உலவுகின்றன. ஆனால் கூர்க்காக்களின் தாயகமான நேபாளத்து மலைக்கிராமங்களில் குக்ரி விறகு பிளக்கவும் புதர் வெட்டவும் சமையலுக்கும் பயன்படும் வீட்டுக் கருவி. அதன் உறையின் பின்புறத்தில் மரபாக இரண்டு சிறு கருவிகள் செருகப்பட்டிருக்கும். கர்தா என்பது பெரிய கத்தியால் செய்ய இயலாத நுண்ணிய வேலைகளுக்கான குறுங்கத்தி. சக்மக் என்பது வாயில்லாத மழுங்கிய எஃகுத் துண்டு, அதைக்கொண்டு குக்ரியின் வாயை நிமிர்த்திக்கொள்ளலாம், கல்லில் தட்டித் தீப்பொறியும் உண்டாக்கலாம். துருக்கிய மூலத்திலிருந்து பாரசீகம், இந்துஸ்தானி வழியாகப் பரவிய அந்தச் சொல்தான் தமிழில் சக்கிமுக்கி, சிக்கிமுக்கி என்று வழங்குகிறது. தீமூட்டும் கல்லைச் சிக்கிமுக்கி என்று அழைக்கும் தமிழர், ஒரு கத்தியின் மழுங்கிய துணையின் பெயரை அதன் தொடர்பு தெரியாமலேயே தலைமுறைகளாக உச்சரித்து வந்திருக்கிறார்கள்.

துணைகளைக் கத்தியோடு ஒன்றாகவே இணைத்துவிடும் முயற்சியும் உலகில் நடந்திருக்கிறது. 1891 முதல் சுவிட்சர்லாந்துப் படைவீரர்களுக்கு வழங்கப்பட்ட மடக்குக் கத்தியில் அலகு ஒன்று, துளைப்பான் ஒன்று, டின் திறப்பான் ஒன்று, திருப்புளி ஒன்று. புதிதாக வந்த துப்பாக்கியைக் கழற்றத் திருப்புளி தேவைப்பட்டதும், தகரத்தில் அடைத்த உணவைத் திறக்கவேண்டியிருந்ததும் அந்த வடிவத்துக்குக் காரணங்கள். தமிழ்ச் சமையலறையின் அரிவாள்மணை இதே எண்ணத்தை வேறு விதமாக நிறைவேற்றியது. மணையில் நட்ட அலகு அசையாமல் நிற்க, காய் அதை நோக்கி நகர்கிறது. அலகின் நுனியில் பல்லுப்பல்லாகச் செதுக்கிய துருவி தேங்காயைத் துருவுகிறது. அமர்ந்திருப்பவரின் எடையே கருவியை நிலத்தில் அழுத்திப் பிடிக்கிறது. எனினும் ஒருங்கிணைந்த கருவிக்கு ஓர் எல்லை உண்டு. மடங்கும் மூட்டு ஓங்கி அடிப்பதைத் தாங்காது. ஒரு நேரத்தில் ஒரு முனையைத்தான் பயன்படுத்த முடியும் என்பதால், பிடிப்பதும் அறுப்பதும் ஒருங்கே வேண்டிய வேலையில் அது உதவாது. முரட்டு வேலைக்குத் தனித்தனிக் கருவிகளைச் சுமப்பதைத் தவிர்க்க முடியாமற்போவது இதனால்தான். 1967 முதல் தேசிய சேவைக்குச் செல்லும் சிங்கப்பூர் இளைஞர்களின் சுமைப்பையில், தலையும் கைப்பிடியுமாகப் பிரித்து வைக்கக்கூடிய சிறு மண்வெட்டி ஒன்று இடம்பெற்று வருகிறது. பதுங்குகுழி வெட்டுவதற்குக் கத்தியைத் தேடும் நிலை வராதிருக்க அந்தச் சுமை ஏற்றுக்கொள்ளப்படுகிறது.

சுமை என்பதுதான் துணைக்கருவிகளுக்கு எதிராகச் சொல்லப்படும் ஒரே வலுவான காரணம். ஒரு கத்தி இடுப்பில் அடங்கும். சுத்தி, குறடு, சிறு ரம்பம், திருப்புளி, சாணைக்கல், கையுறை என்று சேர்த்தால் பை வேண்டும், பையைத் தூக்கத் தோள் வேண்டும். வேலையிடத்துக்கு நெடுந்தொலைவு நடக்கவேண்டியவருக்கு இது சிறிய செய்தி இல்லை. ஆனால் கத்தி மட்டுமே உள்ளவர் சுமையைத் தவிர்த்துவிடுவதில்லை. முதுகில் இருக்கவேண்டிய சுமையைக் கத்தியின் வாய்க்கு மாற்றிவிடுகிறார், அது தாங்காதபோது தன் கைக்கு மாற்றிக்கொள்கிறார். தேக்காவிலிருந்து நடந்துபோகும் தொலைவில் 2017 ஜூலை 10 வரை இயங்கிவந்த சுங்கை சாலைப் பழம்பொருள் சந்தையில், விரிப்புகளின்மேல் பரப்பப்பட்ட பொருள்களில் பழைய கைக்கருவிகளும் கணிசமாக இருந்தன. பல கைகளுக்கு மாறி அங்கே வந்துசேர்ந்த கருவிகளைத் தேடி வாங்கியவர்கள் பெரும்பாலும் முழுத்தொகுதியை நாடி வரவில்லை. தம் பையில் காணாமற்போன ஒன்றை, அதனால் கத்தி செய்துகொண்டிருந்த வேலையைச் செய்யக்கூடிய ஒன்றையே நாடி வந்தார்கள்.

*

கருவித்தொகுதிக்கு நகர வாழ்க்கையில் இன்னொரு பொருளும் உண்டு. அதைச் சட்டம் வெளிப்படுத்துகிறது. அரிக்கும் பொருள்கள், வெடிபொருள்கள், தாக்குதல் ஆயுதங்கள் பற்றிச் சிங்கப்பூரில் 1958இல் இயற்றப்பட்ட சட்டம், தாக்கப் பயன்படுத்தினால் காயம் விளைவிக்கக்கூடிய எந்தக் கருவியையும் தாக்குதல் ஆயுதம் என்னும் வரையறைக்குள் கொண்டுவருகிறது. சட்டத்துக்கு உட்பட்ட நோக்கமின்றி அதைப் பொதுவிடத்தில் வைத்திருப்பவருக்கு மூன்றாண்டுவரை சிறையும் ஆறு அடிக்குக் குறையாத பிரம்படியும் விதிக்க இடமளிக்கிறது. இந்த வரையறையிலிருந்து காய் நறுக்கும் கத்தியும் தப்புவதில்லை. இரும்பின் வடிவத்தைக் கொண்டு ஆயுதத்தையும் கருவியையும் பிரிக்க முடியாது என்பதைச் சட்டம் அறிந்திருக்கிறது. ஆகவே அது நோக்கத்தைக் கேட்கிறது.

நோக்கமோ கண்ணுக்குத் தெரியாதது. அதற்கு ஏதேனும் ஓர் அடையாளம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவின் தெருக்களை நிறைக்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் வங்காளதேசத் தொழிலாளர்களும், வார நாள்களில் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வெட்டுக்கருவிகளோடு வாழ்பவர்கள். அவர்களில் ஒருவருடைய பையில் சுத்தியோடும் குறட்டோடும் அளவுநாடாவோடும் கிடக்கும் கத்தியைப் பார்ப்பவருக்கு அது எந்த வேலைக்கானது என்று விளக்கவேண்டியதில்லை. அக்கம்பக்கத்துப் பொருள்களே அதைச் சொல்லிவிடுகின்றன. இடுப்பில் தனியாகச் செருகிய அதே கத்தி எந்த வேலையையும் சொல்வதில்லை, ஆகவே எல்லா ஐயங்களுக்கும் இடம் தருகிறது. துணைக்கருவிகள் கத்தியின் வாயைக் காப்பதோடு, கத்தி வைத்திருப்பவரின் பெயரையும் காக்கின்றன.

கத்தி தனித்து நில்லாது என்பதற்கு எஃகு என்ற சொல்லையே சான்றாகக் காட்டலாம். அதன் நடுவில் நிற்கும் மூன்று புள்ளியெழுத்தாகிய ஆய்தத்தைத் தமிழ் இலக்கணம் சார்பெழுத்து என்று வகுக்கிறது. தனித்து இயங்காமல் பிறவற்றைச் சார்ந்தே ஒலிப்பது என்பது அதன் பொருள். முன்னால் ஒரு குற்றெழுத்தும் பின்னால் ஒரு வல்லின உயிர்மெய்யும் இருந்தால் மட்டுமே ஆய்தம் சொல்லில் இடம்பெறும். எகரம் மெலிதாகத் தொடங்கி வைக்க, குகரம் வன்மையாக முடித்து வைக்க, நடுவில் நுண்ணிய ஓசையாக ஆய்தம் நிற்கிறது. அந்தச் சொல்லுக்குப் பழந்தமிழில் உலோகம் என்பதோடு கூர்மை, படைக்கலம் என்ற பொருள்களும் உண்டு. கூர்மையைக் குறித்த சொல்லின் நடுவில் தனித்து நிற்க இயலாத எழுத்து வந்தமைந்தது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் மூங்கிலில் பிளவைத் தொடங்கிவைத்துவிட்டு ஆப்புக்கு வழிவிடும் கத்தியைக் கண்டவருக்கு அந்தத் தற்செயல் பொருளுடையதாகத் தோன்றும்.

தமிழர் ஆண்டுக்கு ஒருமுறை நவராத்திரியின் ஒன்பதாம் நாளில் கொண்டாடும் ஆயுத பூசையின் பெயரும் இவ்வாறே சிந்திக்கத்தக்கது. பெயரில் ஆயுதம் இருந்தாலும் அன்று வைத்து வணங்கப்படுபவை தொழிற்கருவிகள். கடைகளிலும் பணிமனைகளிலும் அவை கழுவித் துடைக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமும் இடப்பட்டு வரிசையாக வைக்கப்படுகின்றன. அன்று அவற்றுக்கு வேலை தரப்படுவதில்லை. மற்ற நாள்களில் பையின் அடியிலும் மேசையின் கீழும் கண்ணில் படாமல் கிடக்கும் சாணைக்கல்லும் குறடும் மரச்சுத்தியும் அந்த ஒரு நாளில் கத்திக்கு இணையான உயரத்தில், அதே அளவு பொட்டோடு அமர்கின்றன. அந்த வரிசையை எண்ணிப் பார்ப்பவருக்கு அறுவைக்கூடத்துத் தட்டில் கண்ட கணக்கே இங்கும் கிடைக்கும்: கத்தி ஒன்றோ இரண்டோ இருக்கும், மீதி எல்லாம் அது செய்யக்கூடாத வேலைகளைச் செய்பவை.